ஜோதி (இசைத்தொகுப்பு)

ஜோதி, அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவைச் சேர்ந்த நால்வருடன் வாசித்த இசைத்தொகுப்பு. 1983 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. மியூனிக் நகரின் இசிஎம் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. தொகுப்பில் ஆறு உருப்படிகள் உள்ளன. ஜாஸும் கர்நாடக இசையும் சந்தித்த பதிவுகள் பல உண்டு. அவற்றில், சாக்ஸபோன்காரர் கர்நாடக இசையின் வீட்டுக்குள் வந்து அமர்ந்து வாசித்தவை மிகச் சில. ஜோதி அந்தச் சிலவற்றில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது. மலேசியத் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கவும் காரணம் உண்டு: இந்த இசைக்கான வித்து கோலாலம்பூரில் விழுந்தது.

மரியானோவும் நாதஸ்வரமும்

மரியானோ 1923 நவம்பர் 12 அன்று பாஸ்டனில் இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தார். ஸ்டான் கென்டன் இசைக்குழுவில் பெயர் பெற்றார்; 1963இல் சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற ஒலிப்பதிவு ஒன்றில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தார். ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியுடன் சேர்ந்து நால்வர் குழு ஒன்றையும் நடத்தினார்.

1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி அளிக்கக் கோலாலம்பூர் வந்தபோதுதான் நாதஸ்வரம் அவர் வாழ்வில் நுழைந்தது. கேட்டு வியந்ததோடு நிற்காமல் கற்கவும் தொடங்கினார். நாற்பது வயதைக் கடந்த, தன் கருவியில் பேரெடுத்த ஒருவர், சீவாளியைப் பிடிப்பதிலிருந்து புதிதாகத் தொடங்குவது எளிதல்ல. சாக்ஸபோனில் ஊதுவாயில் கட்டிய ஒற்றை நாணல்தான் அதிர்கிறது. விசைகள் சுரங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தருகின்றன. நாதஸ்வரத்தில் விசையே கிடையாது. இரட்டை நாணலான சீவாளியை உதடு அழுத்தும் பதமும், மூச்சின் வேகமும், துளையை விரல் பாதி மூடுவதும் சேர்ந்தே கமகம் பிறக்கிறது. 1973இல் தென்னிந்தியாவில் சில மாதங்கள் தங்கி அப்பயிற்சியைத் தொடர்ந்தார். 1975இல் ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் நால்வர் குழு பதிவுசெய்த ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தொகுப்பில் சாக்ஸபோனோடு நாதஸ்வரமும் வாசித்தார்.

மலேசியாவின் ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாதஸ்வரம் என்றால் சாமி புறப்பாடும் கல்யாண மேளமும். அதே கருவி ஒரு ஜாஸ் கலைஞரின் மூச்சையும் செவியையும் மாற்றியது என்பது நம்மவர் இசை வரலாற்றில் எழுதப்பட வேண்டிய செய்தி.

குழுவினர்

கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் 1964இல் மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி நிறுவிய பயிற்சிக்கூடம். அவருடைய மனைவி ஆர்.ஏ. ரமாமணி இத்தொகுப்பில் பாடியிருக்கிறார், தம்புராவும் அவரே. ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிராவும் வாசிக்க, இருவருமே தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சொல்கிறார்கள். மரியானோவின் கையில் சோப்ரானோ, ஆல்டோ சாக்ஸபோன்களும் புல்லாங்குழலும்.

இசை

பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றுமே இல்லை. ஜாஸ் சாக்ஸபோன்காரருக்கு இது பெரிய இழப்பு. சுரக்கூட்டுகள் (chords) மாறமாற அவற்றின் மேல் கற்பனையை விரிப்பதுதான் அவருடைய பழக்கம். இங்கே சுருதி ஒன்று, ராகம் ஒன்று. ராகத்தின் எல்லைக்குள் நின்று சுரங்களை வளைத்தும் இழைத்தும் பேச வேண்டும். விசைகள் சுரத்தை வெட்டித் தரும் கருவியில் அந்த இழைவை உதட்டைத் தளர்த்தியும் இறுக்கியும்தான் கொண்டுவர முடியும். மரியானோவின் வாசிப்பில் அது வருத்தி இழுத்த சுரமாகக் கேட்பதில்லை. நாதஸ்வரம் இத்தொகுப்பில் இல்லை. ஆனால் அதில் பெற்ற பயிற்சி சோப்ரானோவின் நெடிய சுரங்களில் நன்றாகவே தெரிகிறது.

முதல் உருப்படியின் தலைப்பே ‘வாய்ஸ் சோலோ’. அட்டையில் மரியானோவின் பெயர் இருந்தும் தொகுப்பைத் திறப்பது ரமாமணியின் குரல். வந்தனம், வர்ஷிணி, சப்தரிஷி, கார்த்திக், பஜன் என்பவை மற்றவை. ஆக்கங்களில் பெரும்பங்கு ரமாமணியுடையது. அவர் குரலும் சாக்ஸபோனும் ஒரே வரியைச் சேர்ந்து எடுக்கும் இடங்களே தொகுப்பின் உயிர். லய வாத்தியங்கள் பக்கவாத்தியமாக அடங்கி நிற்காமல், கொன்னக்கோலின் சொற்கட்டுகளோடு சமமாக உரையாடுகின்றன.

ஒப்புநோக்கு

இசிஎம் நிறுவனத்துக்குக் கர்நாடக இசை அப்போது புதிதல்ல. உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கத்துடன் வயலின் கலைஞர் எல். சங்கர் வாசித்த தொகுப்பை அது முன்பே வெளியிட்டிருந்தது. மரியானோவுக்கு நேர்எதிர்த் திசையில் நடந்தவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். 1994இல் ‘டூயட்’ படத்தின் வழியே தமிழர் வீடுகளில் சாக்ஸபோன் ஒலித்தது அவர் மூச்சில்தான். கத்ரியை அறிந்த அளவுக்கு மரியானோவை நாம் அறியவில்லை.

மரியானோ 2009 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார். மலேசியாவில் நாதஸ்வரமோ சாக்ஸபோனோ பயிலும் மாணவர்கள் ஜோதியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.