மழை பெய்யாத இடத்தில் வந்த வெள்ளம்

தென்காசியில பிறந்து வளர்ந்தவனுக்கு அருவி புதுசு இல்ல. ஆனா அருவியில எதுக்குப் பயப்படணும்னு எனக்கு விளங்கினது அமெரிக்காவுல. அதுவும் சொட்டுத் தண்ணி இல்லாத அரிசோனா பாலைவனத்துல.

ஆபீஸ் வேலையா போயிருந்தப்ப, லாஸ் வேகாஸ்ல இருந்து ஒருநாள் வேன் டூர் எடுத்தேன். பத்துப் பேர். போன இடம் பேஜ் என்ற ஊர் பக்கத்துல இருக்கிற லோயர் ஆன்டிலோப் கேன்யன். நவஹோ பழங்குடி மக்களோட நிலம். மேல நின்னு பார்த்தா தரையில ஒரு விரிசல், அவ்வளவுதான். இரும்புப் படியில இறங்கினா ரெண்டு பக்கமும் அலை அலையா ஆரஞ்சு நிற மணற்பாறை. எல்லாம் தண்ணி செதுக்கினது. சில இடத்துல தோளைத் திருப்பித்தான் நடக்கணும்.

எங்க கைடு ஒரு நவஹோ அக்கா. போனை வாங்கி கேமரா செட்டிங் எல்லாம் மாத்திக் கொடுத்தாங்க. அப்புறம் தலைக்கு மேல பாறை இடுக்குல சிக்கியிருந்த ஒரு மரக்கட்டையைக் காட்டி, "இதை யார் அங்க வெச்சாங்க?"ன்னு கேட்டாங்க. யாரும் பேசல.

1997 ஆகஸ்ட் 12. கேன்யன் இருக்கிற இடத்துல பெரிய மழையே இல்ல. பல மைல் தள்ளி, மேட்டுப் பகுதியில புயல்மழை கொட்டியிருக்கு. பாலைவனத் தரை அந்த வேகத்துக்கு தண்ணியை உறிஞ்சாது. அத்தனையும் ஓடைக்கு வந்து, ஓடையில இருந்து இந்த விரிசலுக்குள்ள பாய்ஞ்சிருச்சு. உள்ள இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் செத்துப்போனாங்க. ஏழு பேர் பிரான்ஸ்காரங்க. கூட இருந்த கைடு ஒருத்தர் மட்டும் பிழைச்சார். அன்னிக்கு இருந்தது மர ஏணிகள். வெள்ளம் அதையும் அடிச்சுட்டுப் போயிருச்சு.

இப்ப பாறையில முடுக்கின இரும்புப் படி, மேல இருந்து இறக்கிவிட வலை, டிக்கெட் கவுன்டர்ல வானிலை ரேடியோ, அபாயச் சங்கு எல்லாம் இருக்கு. கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க. படம் எடுத்துக் கொடுக்கத்தான் கைடுன்னு நினைச்சுட்டு இருந்தேன். மேல எங்கேயோ பெய்யுற மழைக்கும் கீழ நிக்கிற நமக்கும் நடுவுல அவங்க ஒரு கம்பி மாதிரி. என் வேலையில இதுக்கு அப்ஸ்ட்ரீம் பிரச்சினைன்னு பேரே உண்டு. நம்ம கோடுல தப்பே இருக்காது, ஆனா சிஸ்டம் படுத்துரும்.

ஊருக்கு வருவோம். 2024 மே 17, பழைய குற்றாலம். சாரல் சீசன் இன்னும் தொடங்கல. கோடை மழை, பள்ளி லீவு, நல்ல கூட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில பெய்த மழை திடீர்னு இறங்கிருச்சு. ஜனங்க படியில அலறி ஓடுற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. திருநெல்வேலியில இருந்து வந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் அந்த வெள்ளத்துல போயிட்டான். என் கடைசித் தம்பிக்கு அப்ப அதே வயசு.

மெயினருவிக்கு ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணி அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா குளிக்கத் தடை. நல்ல ஏற்பாடுதான். ஆனா ஆர்ச் காட்டுறது வந்து சேர்ந்த தண்ணியை. வரப்போற தண்ணியை அது எப்படிக் காட்டும்?

அதுக்கு எங்க வீட்டுல தாத்தா இருந்தார். உடம்பு பூரா எண்ணெயோட நின்னாலும் அவர் கண்ணு தண்ணி நிறத்துலதான் இருக்கும். "ஏல, தண்ணி கலங்குது. செத்தை வருது பாரு. ஏறிரு." சோப்பு போட்டிருக்கேன்னு சொன்னா முதுகுல ஒண்ணு விழும். அப்ப கோபமா வரும். சென்னையில இருந்தோ பெங்களூர்ல இருந்தோ முதல்முறையா வர்ற குடும்பத்துக்கு அப்படி ஒரு தாத்தா கிடையாது. போலீஸ்காரர் விசில்தான் உண்டு. அவருக்கும் மலை மேல இருந்து யாராவது சொன்னாத்தானே தெரியும்?

போன சீசன்ல பழைய குற்றாலம் போனப்ப, குளிக்காம மலை உச்சியையே பார்த்துட்டு நின்னேன். "குளிக்க வந்தியா, வானிலை அறிக்கை வாசிக்க வந்தியா?"ன்னு அம்மா சத்தம் போட்டாங்க.