சார்டின் டின்னில் ஒரு தந்தி

வட நைஜீரியாவின் ஹௌசா மக்களிடம் புகழ்பாடுவது ஒரு தொழில். பாடுகிறவனை 'மரோக்கி' என்பார்கள். கேட்டு வாங்குகிறவன் என்ற அர்த்தம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அமீரின் பரம்பரையை அடுக்கிப் பாடினால் அங்கியும் காசும் கிடைக்கும். கொடுக்காத பணக்காரனின் மானத்தை நாலு பேர் முன்னால் பாடியே வாங்கிவிடுவதும் உண்டு. அரண்மனைக்கு மரோக்கி வேண்டும். ஆனால் அவனுக்குச் சமூகத்தில் கீழ்ப்படிதான்.

இவர்களில் நான் அதிகம் கேட்பது டான் மராயா ஜோஸ். 1946-இல் ஜோஸ் நகரத்துப் பக்கத்தில், புக்குரு என்ற ஈயச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஊர்த் தலைவரிடம் வாத்தியக்காரர். மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா போய்விட்டார், பின்னாலேயே அம்மாவும். 'டான் மராயா' என்றால் அனாதைப் பிள்ளை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் கையில் இருந்தது குந்திகி. பெரிய சார்டின் டின், மேலே ஆட்டுத்தோல், ஒரே ஒரு தந்தி. அவ்வளவுதான். மம்மன் ஷாட்டா போன்ற பெரிய பாடகர்களுக்குப் பின்னால் கலாங்கு மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் நிற்பார்கள். அத்தனை வயிற்றுக்கும் சோறு போட ஒரு புரவலர் வேண்டாமா? டான் மராயா தனி ஆள். ஒரு லாரியில் தொற்றிக்கொண்டால் போதும்.

அவரைப் பிரபலமாக்கிய பாட்டு அந்த லாரிகளைப் பற்றியதுதான். 'கரேன் மோத்தா', அதாவது வண்டி நாய். நம் பேச்சில் சொன்னால் லாரி கெலிண்டான். மூட்டை ஏற்றுவான், இறக்குவான், வண்டி நின்றுபோனால் தள்ளுவான். அமீருக்குப் போக வேண்டிய புகழ்ப்பாட்டு இவனுக்குப் போகிறது. திருப்பித் தர இவனிடம் அங்கியும் இல்லை, பரம்பரையும் இல்லை. வாங்குகிற தொழிலுக்குள் இருந்துகொண்டே தர முடியாதவனைப் பாடியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதை வைத்து அவரைப் புரட்சிக்காரர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. 1967-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது அரசுப் படையின் வீரர்களைப் புகழ்ந்து பாடினார். பியாஃப்ரா பக்கம் பசியில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. அனாதை என்று பேர் வாங்கியவர் அந்தப் படைக்குப் பாடியது எனக்கு நெருடல்தான். பிறகு கணவன் மனைவி சண்டை, மணவிலக்கு என்று வீட்டு விஷயங்களுக்கும் வந்தார். அந்தப் பாட்டுகள் ஊரெல்லாம் ஓடின.

2015 ஜூன் 20-இல் இறந்தார். 'கரேன் மோத்தா' யூடியூபில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். டின்னின் கரகரப்பு நன்றாகவே கேட்கும்.