நுகத்தடியும் இரட்டை இலையும்: 1971, 1998 கூட்டணிகள் – ஓர் ஒப்பாய்வு

கிணத்துக்கடவில் பொள்ளாச்சிச் சாலையை விட்டுத் தோட்டங்களுக்குள் இறங்கினால், பழைய கவலைக் கிணறுகள் சில இன்றும் கண்ணில் படும். மோட்டார் வந்தபின் மாடுகள் போய்விட்டன. கிணற்று மேட்டின் கல்தூண்களும், மாடுகள் ஏறி இறங்கிய சரிவும், வடம் உரசி உரசிக் கல்லில் விழுந்த தடமும் எஞ்சியிருக்கின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது நீர் நிறைந்த சால் மேலே வரும். ஒன்று சண்டித்தனம் செய்தால் சால் நடுக்கிணற்றில் தொங்கும். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைகள் காங்கிரஸின் சின்னமாக இருந்த காலத்தில், இந்த வட்டாரத்து வாக்காளருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1971 மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அந்தச் சின்னம் வாக்குச்சீட்டில் இல்லை. பிளவுபட்ட காங்கிரஸின் இரு பிரிவுகளும் உரிமை கோரியதில் காளைகள் முடங்கின. இந்திரா காந்தியின் பிரிவு பசுவும் கன்றுமாக வந்தது; காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் ராட்டை சுற்றும் பெண்ணாக வந்தது. அந்தப் பெண்ணுக்குத் துணையாக ராஜாஜியின் சுதந்திராக் கட்சி நின்றது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1998 பிப்ரவரியில், அதிமுகவின் இரட்டை இலையும் பாஜகவின் தாமரையும் முதன்முறையாக ஒரு நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கைகோத்தன. முதல் கூட்டணி தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் ஒன்றை மட்டும் வென்றது. இரண்டாவது 30-ஐ வென்றது. வலதுசாரி அணி என்று எதிராளிகள் சுட்டிய இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமைகள் உடனே தெரிகின்றன. ஒற்றுமைகள் மெல்லத்தான் தெரிகின்றன. அவைதாம் நமக்கு அதிகம் கற்பிக்கின்றன.

முதலில் ‘வலதுசாரி’ என்ற சொல்லையே எடைபோடுவோம். 1971 அணியின் வலதுசாரிக் குரல் பொருளாதாரத்தைப் பற்றியது. வங்கி நாட்டுடைமை, மன்னர் மானிய ஒழிப்பு, உரிம–கட்டுப்பாட்டு ஆட்சி ஆகியவற்றை எதிர்த்த குரல் அது. 1998 அணியின் வலதுசாரிக் குரல் தேசத்தையும் மதத்தையும் பற்றியது. ஒன்று நிலத்தையும் தொழிலையும் அரசிடமிருந்து காக்கப் புறப்பட்டது; மற்றொன்று நாட்டின் அடையாளத்தைக் காக்கப் புறப்பட்டது. இரண்டுக்கும் ஒரே பெயரிடுவது வசதிதான், ஆனால் துல்லியமன்று.

என்றாலும் இங்கேதான் முதல் வியப்பு காத்திருக்கிறது. இரண்டு அணிகளிலும் பாரத்தை இழுத்த மாடு வலதுசாரி மாடு அல்ல. காமராஜர் தலைமையில் 1964-இல் கூடிய புவனேஸ்வர் காங்கிரஸ்தான் ஜனநாயக சோஷலிசத்தைக் கட்சியின் குறிக்கோளாக அறிவித்தது. ஜெயலலிதாவின் கட்சி, பெயரில் அண்ணாவையும் திராவிடத்தையும் சுமந்தது. ராஜாஜிக்குக் கொள்கை இருந்தது, வாக்கு காமராஜரிடம் இருந்தது. பாஜகவுக்குக் கொள்கை இருந்தது, வாக்கு ஜெயலலிதாவிடம் இருந்தது. தமிழ் மண்ணில் வலதுசாரிக் கருத்து ஒவ்வொரு முறையும் வேறொருவர் வண்டியில் ஏறித்தான் ஊருக்குள் வந்திருக்கிறது.

இரண்டாவது ஒற்றுமை, பழைய பகையை மறந்த விதம். குலக்கல்வித் திட்டத்தின் எதிர்ப்பில் 1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலக, அந்த நாற்காலியில் அமர்ந்தவர் காமராஜர். 1967-இல் அதே காமராஜரின் காங்கிரஸை வீழ்த்தத் திமுகவுக்குத் தோள் கொடுத்தவர் ராஜாஜி. 1971-இல் இருவரும் ஒரே மேடையில் நின்றனர். 1998-இலும் அப்படியே. 1996-இல் அதிமுகவை எதிர்த்துத் தனி அணிகளில் நின்ற பாமகவும் மதிமுகவும் இரண்டே ஆண்டில் ஜெயலலிதாவுடன் சேர்ந்தன. முன்னது இரண்டு முதியவர்களின் சமாதானம். பின்னது பல கட்சிகளின் கணக்கு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

இனி மேற்குத் தமிழகத்துக்கு வருவோம். இரண்டு தேர்தல்களுக்கும் சற்று முன்னால் இந்தப் பகுதி உலுக்கப்பட்டது. 1970 ஜூனில், மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் போராடினர். உயர்வு பைசாக் கணக்குதான். ஆனால் கிணற்றை நம்பிய தோட்டத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அத்தனை பைசா. பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். அடுத்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இராமர் படம் அவமதிக்கப்பட்டதாகப் புயல் எழுந்தது. தேர்தலுக்கு ஆறு வாரமே இருந்தது. விவசாயியின் கோபம், பக்தரின் கோபம் என்று வலதுசாரி அணி கேட்டிருக்கக்கூடிய இரண்டு விறகுகளும் உலர்ந்து கிடந்தன.

1998-இல் உலுக்கப்பட்டது கோவை. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று, பாஜகவின் அத்வானி பேச வரவிருந்த நாளில், நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இரண்டு துயரங்களையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைப்பவருக்குக் கோவையின் அந்தக் குளிர்காலம் பாதிதான் தெரியும்.

தூண்டுதல்கள் இரண்டு முறையும் இருந்தன. விளைவுகளோ எதிரெதிர். 1971-இல் உழவர் கோபமும் சேலத்துப் புயலும் திமுகவை அசைக்கவில்லை. மக்களவையோடு சேர்ந்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் அது 184 இடங்களைப் பிடித்தது. கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதியில் திமுகவின் மு. கண்ணப்பன் மீண்டும் வென்றார். கோவை மக்களவைத் தொகுதி திமுக அணியின் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் பாலதண்டாயுதத்துக்குப் போனது. 1998-இல் அதே கோவையில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நீலகிரியும் திருச்சியும் பாஜகவுக்கே கிடைத்தன.

ஏன் இந்த மாறுபாடு? குண்டுவெடிப்பு என்று ஒரே சொல்லில் விடை சொல்லலாம். கோவைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அன்று அந்த அணி வென்ற 30 தொகுதிகளில் பெரும்பாலானவை கோவையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. அந்த 30-ஐப் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகும்: அதிமுக 18, பாமக 4, பாஜக 3, மதிமுக 3, சுப்பிரமணியன் சுவாமியின் ஜனதா கட்சி 1, வாழப்பாடி ராமமூர்த்தியின் தமிழக ராஜீவ் காங்கிரஸ் 1. வட மாவட்டங்களில் பாமக, தெற்கிலும் கொங்கிலும் மதிமுக, சேலத்தில் வாழப்பாடியார் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உள்ளூர்க் கை இருந்தது. 1971-இல் அப்படிப்பட்ட கைகள் எதிர்முகாமில் இருந்தன. ஆலைத் தொழிலாளர் நடுவே கம்யூனிஸ்ட், தென் மாவட்டங்களில் பார்வர்டு பிளாக், முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட் என அகன்ற அணி திமுகவினுடையது. காமராஜர்–ராஜாஜி அணி உயரமாக இருந்தது; அகலமாக இல்லை.

அந்த அணியின் தோல்வியைச் சிறிதாக்கிவிடவும் கூடாது. வாக்களித்த தமிழர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அதன் பக்கம் நின்றார்கள். நாகர்கோவிலில் காமராஜர் வென்றார். எனினும் அவர் ஆட்சியில் பரம்பிக்குளம்–ஆழியாறு நீர் வந்து சேர்ந்த பொள்ளாச்சிப் பக்கத்தில்கூட அந்த நன்றி வாக்காக மாறவில்லை. சுதந்திராக் கட்சி சொத்துரிமையைப் பேசியது. 1970-இல் நில உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டதைப் பேசியது. ஐந்து ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் வைத்திருப்பவருக்கு உச்சவரம்பு எட்டாத உயரம். மின்கட்டண ரசீதுதான் கையில் இருந்த கவலை. அந்த ரசீதைப் பற்றிப் பேசியவர்கள் உழவர் சங்கத்தார். அவர்களுடைய கோபம் அவர்களுடைய சங்கமாகவே வளர்ந்தது, சுதந்திராக் கட்சியின் வாக்காகத் திரளவில்லை.

சின்னத்திலும் ஓர் ஒப்புமை உண்டு. 1971-இல் காமராஜர் காளைகளை இழந்து களம் கண்டார். 1989 சட்டமன்றத் தேர்தலில், அதிமுக பிளவில் இரட்டை இலையும் இதேபோல் முடங்கியது. ஆனால் கட்சி ஒன்றானதும் திரும்பக் கிடைத்தது. 1998-இல் ஜெயலலிதா கையில் அது முழுப் பசுமையோடு இருந்தது. 1971-இல் திமுகவுக்காக ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்து அந்த அணியைத் தோற்கடித்தவர்களில் முதன்மையானவர் எம்.ஜி.ஆர். மறு ஆண்டு அவர் தொடங்கிய கட்சியின் சின்னம்தான் 1998-இல் தாமரையைத் தமிழகத்தில் கரை சேர்த்தது. முதல் அணியை வீழ்த்திய வலிமையும் இரண்டாம் அணியை ஏற்றிய வலிமையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

உறவு இத்தோடு நிற்கவில்லை. கோவை எம்.பி. பாலதண்டாயுதம் 1973 மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் இறந்தார். அதே விமானத்தில் இறந்தவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், 1971-இல் இந்திராவின் பக்கம். கோவை இடைத்தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் சார்பில் வென்றவர் மோகனின் தங்கை பார்வதி கிருஷ்ணன். 1998-இல் திருச்சியில் தாமரைச் சின்னத்தில் வென்ற ரங்கராஜன் குமாரமங்கலம் மோகனின் மகன். ஒரு கொங்குக் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்குள் அரசியலின் இரு கரைகளையும் தொட்டது. கிணத்துக்கடவில் 1971-இல் வலதுசாரி அணியை வென்ற மு. கண்ணப்பனும், பின்னர் மதிமுகவில் சேர்ந்து, 1999-இல் திருச்செங்கோட்டில் வென்று, வாஜ்பாய் அரசில் மரபுசாரா எரிசக்தி அமைச்சரானார்.

வெற்றி தோல்விக்குப் பின்னால் நடந்தவற்றை ஒப்பிடும்போது தராசு தலைகீழாகிறது. தோற்ற அணியின் அகில இந்தியக் கூட்டாளிகள் தோல்வியில் நெருங்கி வந்தனர். சுதந்திராக் கட்சி 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கலந்தது. லோக் தளம், ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம் எல்லாம் 1977-இல் ஜனதாவாகி டெல்லியைப் பிடித்தன. வென்ற அணியோ பதின்மூன்று மாதத்தில் உடைந்தது. ஜெயலலிதா ஆதரவை விலக்க, 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1971-இல் சேர்ந்து வென்ற திமுகவும் இந்திராவும்கூட நிலைக்கவில்லை. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. இந்த இரு தேர்தல்களில் தோல்வி கட்சிகளைச் சேர்த்தது, வெற்றி பிரித்தது.

நம் ஒப்பீடு சரிதானா என்று சோதிக்கக் காலமே இரண்டு முறை வாய்ப்புத் தந்தது. 2004-இல் அதிமுகவும் பாஜகவும் மீண்டும் சேர்ந்தன. ஆனால் பாமகவும் மதிமுகவும் எதிரணியில். 39-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2014-இல் பாமக, மதிமுக, தேமுதிக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி எல்லாம் பாஜகவுடன் நின்றன. ஆனால் அதிமுகவும் இல்லை, திமுகவும் இல்லை. கன்னியாகுமரி, தர்மபுரி என இரண்டே தொகுதிகள். கிணத்துக்கடவு அடங்கிய பொள்ளாச்சியில் கொங்குநாடு கட்சியின் ஈஸ்வரன் திமுகவை மூன்றாமிடத்துக்குத் தள்ளியும், அதிமுகவிடம் தோற்றார். 1971-இன் உண்மையான இரட்டைப் பிள்ளை 2004 என்று இப்போது தெரிகிறது: பெரிய இரு மாடுகள் இருந்தும் சால் வயலுக்கு வரவில்லை. பொள்ளாச்சியில் மதிமுகவின் சி. கிருஷ்ணன் 1999-இல் பாஜக அணியில் நின்று வென்றார். 2004-இல் அந்த அணியை எதிர்த்து நின்றும் வென்றார். வேட்பாளர் அவரே, தொகுதி அதுவே. சுற்றி நின்றவர்கள்தாம் மாறினார்கள்.

இன்றைய கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதி, தக்காளித் தோட்டங்களில் தொடங்கி மதுக்கரை, குனியமுத்தூர் என்று கோவையின் விளிம்பைத் தொடுகிறது. மின்கட்டணத்துக்குக் குண்டடி பட்ட நினைவும், 1997–98-இன் நினைவும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன. இவர்களிடம் வாக்குக் கேட்டு வரும் கூட்டணி எந்தப் பக்கத்துடையதானாலும், மேடையில் கைகோத்த இரண்டு தலைவர்களை மட்டும் காட்டினால் போதாது என்பதே இந்த இரு தேர்தல்களிலிருந்து நான் பெறும் பாடம்.

கவலைக் கிணற்றைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னபோது ஒருவரை விட்டுவிட்டேன். மாடுகள் இறைத்த நீர் வாய்க்காலில் ஓடும். வயலில் மண்வெட்டியோடு ஓர் ஆள் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவார். கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் அவர் சிறிதாகத்தான் தெரிவார். அவர் இல்லாத நாளில், எத்தனை சால் இறைத்தாலும் முதல் பாத்தி மூழ்கும், கடைசிப் பாத்தி காயும்.