பணிபுரிவோரும் மேலாண்மைப் பட்டமும்: திண்டுக்கல் வட்டாரம்

வேலையை விடாமல் மேலாண்மைப் பட்டம் பெறும் வாய்ப்பைத் திண்டுக்கல் வட்டாரத்தினருக்குத் திறந்துவிட்டது அஞ்சல்வழிக் கல்வியாகும். இந்தியாவில் இம்முறையை 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) இதில் இறங்கியது. அப்போது திண்டுக்கல், மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1985-இல்தான் தனி மாவட்டமானது.

மதுரை ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. நாகல் நகரில் கடையையோ தறியையோ நம்பி வாழ்பவர் அன்றாடம் அங்கு சென்று படிப்பது எளிதன்று. கூலியை இழக்க நேரிடும். அஞ்சலில் பாடநூல்கள் வீடு தேடி வந்ததால் இத்தடை நீங்கியது. பின்னாளில் எம்.பி.ஏ. படிப்பும் இவ்வழியில் கிடைத்தது. தேசிய அளவில், 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987-இல் தொடங்கிய முதல் இரு படிப்புகளுள் ஒன்று மேலாண்மைப் பட்டயம்.

எனினும், "தபாலில் படித்த பட்டம்" என்ற ஏளனம் நெடுங்காலம் நீடித்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் உழைப்பும் கட்டணமும் வீணாகும். எனவே, சேரும் முன் அக்குழுவின் பட்டியலைப் பார்ப்பது இன்றியமையாதது.