கட்டங்களுக்கு நடுவே உள்ள வெளி: டின்டின் திரைக்கு வந்த கதை

பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் டின்டின் சித்திரக்கதைகளில், உருவத்தால் பிரித்தறிய இயலாத இரண்டு துப்பறிவாளர்கள் வருகின்றனர். பிரெஞ்சு மூலத்தில் அவ்விருவரின் பெயர்களும் கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த எழுத்தும் உச்சரிக்கப்படுவதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் இருவரும் தாம்சன். ஒருவர் பெயரில் மட்டும் ஒலிக்காத 'பி' ஒன்று உண்டு. ஆனந்தமேலா இதழுக்காக வங்கமொழியில் டின்டினைத் தந்த கவிஞர் நீரேந்திரநாத் சக்ரவர்த்தியின் பெயர்ப்பில் அவர்கள் ஜான்சன், ரான்சன் ஆயினர். மூலத்தில் கண்ணுக்கு மட்டும் தெரிந்த வேறுபாடு வங்கத்தில் காதுக்கும் கேட்கத் தொடங்கியது. சித்திரக்கதையைத் திரைப்படமாக்குவதன் சிக்கல் முழுவதும் இந்தச் சிறு வேடிக்கைக்குள் அடங்கியிருக்கிறது. ஏட்டில் கண் மட்டும் அறிந்து நகைத்த ஒன்றைத் திரையில் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

ஜார்ஜ் ரெமி என்ற இயற்பெயர் கொண்ட எர்ஜே, 1929 ஜனவரி 10 அன்று பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் டின்டினை அறிமுகப்படுத்தினார். 1940இல் ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்தைக் கைப்பற்றியபின் அந்த இணைப்பு நின்றது. எர்ஜே 'லெ சுவார்' நாளிதழுக்குச் சென்றார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் முழுப்பக்கம் சுருங்கி, 1941 முதல் நாளொன்றுக்கு ஒற்றை வரிசைக் கட்டங்களே கிடைத்தன. மறுநாள் வாசகன் திரும்பி வரவேண்டுமானால், அச்சிறு வரிசையின் முடிவில் ஒரு திடுக்கிடலோ, ஒரு நகைப்போ, ஒரு கேள்வியோ நின்றாக வேண்டும். 'யூனிகார்ன் கப்பலின் ரகசியம்' இவ்வாறு நாள்தோறும் வந்த கதையே. பின்னர் அது 62 வண்ணப் பக்கங்கள் கொண்ட நூலாக வடிவம் பெற்றபோதும், அந்த நாடித்துடிப்பு மாறவில்லை. காகிதப் பஞ்சம் கற்றுக்கொடுத்த சிக்கனம் கதையின் இயல்பாகவே ஆகிவிட்டது.

ஓவியமுறையிலும் அதே சிக்கனம் உண்டு. ஒரே சீரான கோடு, நிழலற்ற தட்டையான வண்ணம், நுணுக்கமான பின்னணி. பிற்காலத்தில் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே இதற்குத் 'தெளிகோடு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இத்தனை நுணுக்கத்திற்கு நடுவே டின்டினின் முகம் மட்டும் ஏறத்தாழ வெறுமையானது: கண்களுக்கு இரண்டு புள்ளிகள், வாய்க்கு ஒரு சிறு கோடு. அந்த வெறுமையில்தான் வாசகன் குடியேறுகிறான். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையிலுள்ள வெள்ளை வெளியில் நிகழ்ந்ததை அவனே நிகழ்த்திக்கொள்கிறான். கேப்டன் ஹேடாக்கின் வசைமாரிக்கு உரிய குரலையும் அவனே தருகிறான். கதையைப் பாதி எழுதுபவன் வாசகன் என்பதே இக்கலையின் அடிப்படை. திரைப்படம் அந்தப் பாதியையும் தானே எழுதிவிடக் கடமைப்பட்டது.

இக்கடமையை ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு வகையில் நிறைவேற்ற முயன்றது. 1947இல் கிளோட் மிஸோன் 'பொற்கொடுக்கு நண்டு' கதையைப் பொம்மைகளைக் கொண்டு படமாக்கினார். அப்படம் நூலை நெருக்கமாகப் பின்பற்றியது. ஆயினும் தயாரிப்பாளர் நொடித்துப்போனதால் பரவலாகத் திரையிடப்படவில்லை. 1961இலும் 1964இலும் ழான்-பியேர் தல்போ என்ற பெல்ஜிய இளைஞர் டின்டினாக நடித்த இரண்டு படங்கள் வந்தன. முகச்சாயலில் அவர் பெரிதும் பொருந்தினார். ஆனால் அவ்விரண்டு படங்களும் எர்ஜேயின் நூல்களைத் தொடாமல், புதிதாக எழுதப்பட்ட கதைகளை எடுத்துக்கொண்டன. ஆள் கிடைத்தார், நூல் திரைக்கு வரவில்லை. 1969இல் பெல்விஷன் நிறுவனத்தின் கார்ட்டூன் படம் 'சூரியக் கோயில்' கதையை எடுத்தது. அதற்கு முன்னதான 'ஏழு பளிங்கு உருண்டைகள்' என்னும் முழுநூல் அப்படத்தின் சுருக்கமான முற்பகுதியாக அடங்கிப்போயிற்று. கோடு காப்பாற்றப்பட்டது, நடை காப்பாற்றப்படவில்லை.

ஸ்டீவன் ஸ்பீல்பர்க் டின்டினை அறிந்ததே தற்செயல். 1981இல் வெளிவந்த தம் முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தைப் பிரெஞ்சு விமர்சனங்கள் டின்டினோடு ஒப்பிட்டதைக் கண்டு அவர் அந்நூல்களைத் தேடினார். இருவரும் சந்திக்கும் முன்பே 1983 மார்ச் 3 அன்று எர்ஜே காலமானார். படமாக்கும் உரிமை கிடைத்தபோதும், படம் வெளிவர 2011 ஆயிற்று. நடிகர்களை நேரடியாகப் படம்பிடித்து, நாயை மட்டும் கணினியில் உருவாக்குவது ஸ்பீல்பர்க்கின் முந்தைய எண்ணம். அம்முறை எர்ஜேயின் உலகத்திற்கு நீதி செய்யாது என்பது பீட்டர் ஜாக்சனின் கருத்து. இறுதியில் நடிகர்களின் அசைவையும் முகபாவத்தையும் பதிவுசெய்து, கணினி உருவங்களில் ஏற்றும் மோஷன் கேப்சர் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓவியத்திற்கும் உடலுக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை அது.

அப்படம் 'பொற்கொடுக்கு நண்டு', 'யூனிகார்ன் கப்பலின் ரகசியம்', 'சிவப்பு ராக்ஹாமின் புதையல்' ஆகிய மூன்று நூல்களை ஒன்றாகப் பிணைத்தது. நூலில் கப்பல் பொம்மைகளைச் சேகரிக்கும் சிறு பாத்திரமான சாக்கரின் திரையில் முழு வில்லனாக வளர்ந்தார். நாள்தோறும் சிறு தடைகளால் நகர்ந்த கதைக்கு இரண்டு மணி நேரத்திற்குள் ஒரே பெரிய எதிரி தேவைப்பட்டார். படத்தின் தொடக்கத்தில், எர்ஜேயின் சாயல் கொண்ட தெருவோர ஓவியர் ஒருவர் டின்டினை வரைந்து தருகிறார். அந்தத் தாளில் இருப்பது நூலின் புள்ளிக்கண் முகம். தாளுக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரத்தை இயக்குநரே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். பின்பு பாகர் நகரத்துத் துரத்தல் காட்சி, வெட்டே இல்லாத ஒற்றை ஓட்டமாகச் சரிவுகளில் பாய்கிறது. நூலில் இக்காட்சி இல்லை, இருக்கவும் முடியாது. கட்டம் கட்டமாக வெட்டி வாழும் கலைக்குத் திரை அளித்த மறுமொழி இடைவெளியே அற்ற அந்த ஓட்டம். படம் நூலிலிருந்து மிகவும் விலகும் அந்த இடத்திலேயே எர்ஜேயின் வேகம் முழுமையாகத் திரும்பி வருகிறது. மாறாக, தோலும் மயிரும் நுணுக்கமாக அமைந்த முகங்கள் விமர்சகர் சிலரை உறுத்தின. வாசகன் குடியிருந்த வெறுமை அங்கே நிரப்பப்பட்டிருந்தது.

தமக்குப்பின் வேறெவரும் டின்டினைத் தொடர வேண்டாம் என்பது எர்ஜேயின் விருப்பம். முடிவுறாத இறுதிக்கதை 1986இல் முடிவுறாமலேயே அச்சாயிற்று. எனவே புதிய நூல் இல்லை. டின்டினுக்குப் புதிய உயிர் வருமானால் அது திரை வழியாகவே வரக்கூடும். அதனால்தான் தழுவல் இங்கே வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடுவதில்லை. படத்தை முதலில் கண்ட சிறுவன் பின்னர் நூலைத் திறக்கும்போது, அந்த இரண்டு புள்ளிகளில் யாருடைய கண்களைக் காண்பான், பேச்சுக்குமிழிகளில் யாருடைய குரலைக் கேட்பான் என்பதே கேள்வி. உருவ ஒற்றுமை மட்டும் இதற்கு விடையாகாது என்பதைத் தல்போவின் படங்கள் காட்டின. கட்டங்களுக்கு நடுவே உள்ள வெளியை என்ன செய்வது என்று சிந்தித்த இடங்களில் மட்டுமே திரை அந்நூலின் அருகே சென்றிருக்கிறது.