ஈறும் மூச்சும்: நூறு வருடமாக ஓடும் ஒரு சந்தேகம்

ஈறில் ரத்தம் வருவதற்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் சம்பந்தம் இருக்குமா? இதைத் தேடப் போன எனக்கு ஒரு பழைய கதை கிடைத்தது. மருத்துவ உலகம் இந்தச் சந்தேகத்தை ஒரு காலத்தில் அளவுக்கு மீறி நம்பியது. சூடு பட்டபிறகு அப்படியே மறந்துவிட்டது.

1891இல், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாயிலிருக்கும் கிருமிகள் உடலின் மற்ற இடங்களிலும் நோயை உண்டாக்கலாம் என்று எழுதினார். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1900இல் இதையே இன்னும் உரக்கச் சொன்னார். 1910இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, சீழ் பிடித்த வேரின் மேல் தங்கத் தொப்பி மாட்டும் பல் வைத்தியத்தை வெளுத்து வாங்கினார். பிறகு சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தார்.

அப்புறம் என்ன, மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு என்ற நிலை வந்தது. இதன் உச்சம் நியூஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனை. அதன் தலைவர் ஹென்றி காட்டன், மனநோய்க்கே காரணம் மறைந்திருக்கும் தொற்றுதான் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகவில்லை என்றால் டான்சில், அதற்கும் மேல் பெருங்குடல். அவர் கொடுத்த கணக்குப்படியே பெருங்குடல் அறுவையில் சுமார் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். தன் சொந்த மகன்களின் பற்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை, உண்மையாகவே நம்பியவர். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

1930களில் நம்பிக்கை சரிந்தது. பல் போனது, நோய் போகவில்லை. 1940இல் ரைமன், ஹேவன்ஸ் இருவரும் எழுதிய விமர்சனக் கட்டுரை பெரிய அடி. அதன்பின் பல ஆண்டுகளுக்கு வாய் வேறு, உடல் வேறு என்றே இரண்டு துறைகளும் தனித்தனி வழியில் போயின.

திருப்பம் 1992இல் வந்தது. பஃபலோவில் ஃபிராங்க் ஸ்கேனபியெக்கோ குழு, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் பல்லில் படியும் படலத்தைச் சோதித்தது. நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் அங்கே குடியிருந்தன. தூங்கும்போது பலருக்கும் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஆரோக்கியமான நுரையீரல் அதைச் சமாளித்துவிடும், பலவீனமானதுக்குக் கஷ்டம். 1999இல் ஜப்பானில் முதியோர் இல்லங்களில் சோதித்தார்கள். வாய்ப் பராமரிப்பு கிடைத்தவர்களில் நிமோனியா 11 சதவீதம், கிடைக்காதவர்களில் 19.

நிமோனியா சரி. சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்? 1998இல் பாஸ்டன் ஆய்வு ஒன்று, பல்லைத் தாங்கும் எலும்பு அதிகம் தேய்ந்த ஆண்களுக்கு இந்த நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. ஆனால் இங்கே ஒரு சிக்கல்: சிகரெட். அது ஈறையும் கெடுக்கும், நுரையீரலையும் கெடுக்கும். 2004இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பை ஹைமன், ரீட் இருவரும் பிரித்துப் பார்த்தபோது, இந்தத் தொடர்பு புகைப்பவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. புகைக்காதவர்களிடம் இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு சர்வர் விழுந்தால், ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. முதலில் கரண்ட் போச்சான்னு பார்க்கணும். காட்டன் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

அதற்காக 1940க்குப் பிறகு நடந்தது போல மறுபடி மறந்துவிடவும் வேண்டாம். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தால், மாத்திரை கொடுக்கும் அதே அக்கறையோடு அவர் வாயையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். பல்லைப் பிடுங்கச் சொன்ன காலத்தைவிட இது எவ்வளவோ எளிய வேலை. ஆதாரமும் இதற்குத்தான் இருக்கிறது.