மார்ச் 10

மார்ச் 10 கிரிகோரியன் நாட்காட்டியின்படி ஆண்டின் 69ஆவது நாளாகும். நெட்டாண்டுகளில் இது 70ஆவது நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 296 நாட்கள் உள்ளன.

நிகழ்வுகள்

1801 - பெரிய பிரித்தானியாவில் முதலாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது.
1876 - அலெக்சாண்டர் கிரகாம் பெல் தனது உதவியாளர் தாமஸ் வாட்சனுடன் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார்.
1922 - மகாத்மா காந்தி அரசத் துரோகக் குற்றச்சாட்டின் பேரில் சபர்மதியில் கைது செய்யப்பட்டார்.
1959 - திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியது.
1977 - யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது கண்டறியப்பட்டது.
2006 - நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது.

பிறப்புகள்

1628 - மார்செல்லோ மால்பிகி, இத்தாலிய மருத்துவர், உயிரியலாளர் (இ. 1694)
1932 - உ. இரா. ராவ், இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் முன்னாள் தலைவர் (இ. 2017)
1945 - மாதவராவ் சிந்தியா, இந்திய அரசியல்வாதி (இ. 2001)

இறப்புகள்

1872 - ஜுசெப்பே மாட்சினி, இத்தாலிய ஒருங்கிணைப்புத் தலைவர் (பி. 1805)
1897 - சாவித்திரிபாய் புலே, இந்தியப் பெண்கல்வி முன்னோடி (பி. 1831)
1913 - ஹேரியட் டப்மன், அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி
1966 - பிரிட்ஸ் செர்னிக்கே, நோபல் பரிசு பெற்ற டச்சு இயற்பியலாளர் (பி. 1888)

யுரேனஸ் வளையங்களும் ஜவ்வாது மலையும்

1977ஆம் ஆண்டு நிகழ்வில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. யுரேனஸ் கோள் எஸ்ஏஓ 158687 என்னும் விண்மீனை மறைக்கும் என்று வானியலாளர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர். விண்மீனின் ஒளி மங்கும் விதத்தைக் கொண்டு கோளின் அளவையும் வளிமண்டலத்தையும் அறிவதே அவர்களது நோக்கமாக இருந்தது.

ஜேம்ஸ் எலியட் தலைமையிலான அமெரிக்கக் குழு, தெற்கு இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வான்வழி ஆய்வகத்தில் இருந்து இதனை நோக்கியது. கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னர் ஐந்து முறையும், பின்னர் ஐந்து முறையும் விண்மீனின் ஒளி சிறிது நேரம் குறைந்தது.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் 102 செ.மீ. தொலைநோக்கியின் மூலம் ஜெ. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகியோரும் இத்தகைய ஒளிக் குறைவைப் பதிவு செய்தனர். அதற்குக் காரணம் யுரேனசின் புதிய துணைக்கோள் என அவர்கள் நேச்சர் இதழில் விளக்கினர். ஆனால் ஒரு துணைக்கோள் ஒரு பக்கத்தில் மட்டுமே விண்மீனை மறைக்க இயலும். கோளின் இரு பக்கங்களிலும் ஒத்த தொலைவுகளில் ஒளி குறைந்தமையால், காரணம் வளையங்களே என்பது தெளிவாயிற்று. இன்று யுரேனசின் 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன. காவலூர் ஆய்வகம் 1986 முதல் வைணு பாப்பு வானாய்வகம் என்று அழைக்கப்படுகிறது.

இந்நிகழ்வின் நாள் உலகப் பொது நேரத்தின்படி குறிக்கப்படுகிறது. ஒளிக் குறைவுகள் அந்நேரப்படி மார்ச் 10 இரவு 8 மணிக்குப் பின்னர் ஏற்பட்டன. இந்திய நேரம் அதனைவிட 5 மணி 30 நிமிடம் முன்னதாக உள்ளது. எனவே காவலூரில் தொலைநோக்கியருகே இருந்தவர்களுக்கு அது மார்ச் 11 பின்னிரவாகும். மேலே உள்ள 2006ஆம் ஆண்டு நிகழ்வும் இந்திய நேரப்படி மார்ச் 11 அன்றே நடந்தது. இதனால் இரவில் நிகழும் வானியல் நிகழ்வுகளின் நாள் நூலுக்கு நூல் ஒரு நாள் வேறுபடக்கூடும். எந்த நேரத்தைக் கொண்டு நாள் தரப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.